புரோமீதியஸ் படத்தில் வருகிறவர்களை விஞ்ஞானிகள் என்று எப்படி நம்புவது?

பூன்லே வாசகன்:
மனிதனைப் படைத்தவர்களைத் தேடி விஞ்ஞானிகள் விண்கப்பலில் ஒரு வேற்று நிலவுக்குப் போகும் ‘புரோமீதியஸ்’ (2012) படத்தை நேற்று இரவு மறுபடி பார்த்தேன். முதல் தடவை திரையரங்கில் ரிட்லி ஸ்காட் காட்டிய அந்த வேற்று நிலவில் மயங்கி எதையும் கவனிக்கவில்லை, இந்தத் தடவை கோபம்தான் வந்தது. மில்பர்ன் ஒரு உயிரியலாளர். எப்போதோ செத்துப்போன வேற்றுலகவாசியின் உடலைப் பார்த்ததுமே பயந்து, கப்பலுக்குத் திரும்புகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். அதே ஆள் அன்றிரவு, கறுப்புத் திரவத்திலிருந்து நல்லபாம்பு மாதிரி படமெடுத்து நிற்கும் உயிருள்ள ஒன்றிடம் கையை நீட்டிக் கொஞ்சுகிறார்! குகையை அளக்கும் கருவிகளைப் பறக்கவிட்ட புவியியலாளரே வழி தெரியாமல் சுற்றுகிறார். இது எழுதியவர்களின் சோம்பேறித்தனமா, இல்லை நான் எதையாவது தவறவிட்டேனா?

துவாஸ்காரன்:
தம்பி, நான் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். ஒரு டேங்க்கில் ஆள் இறங்குவதற்கு முன் கேஸ் மீட்டரின் குழாயை மேன்ஹோல் வழியே விட்டு மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்தில் காற்றைப் பார்ப்போம். ஆக்சிஜன் 19.5 சதவிகிதத்துக்குக் குறைந்தாலும் 23.5ஐத் தாண்டினாலும் பெர்மிட் கிடையாது. எல்லாம் சரியாக இருந்தாலும் வாசலில் ஒரு ஆள் நின்றே ஆகவேண்டும். அதுவும் மனிதன் கட்டிய டேங்க்குக்கு. இங்கே யாரோ கட்டிய குகைக்குள் போய், காற்று சுத்தம் என்று தெரிந்ததும் தொல்லியலாளர் ஹாலோவே ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், அப்புறம் மற்றவர்களும் கழற்றுகிறார்கள். மூச்சுவிட முடியுமா என்பது ஒரு கேள்வி, கிருமி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுக்கு அங்கே யாருமே கவலைப்படவில்லை.

ஆய்வகத்து அக்கா:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் படித்தவர்கள் தப்பே செய்யமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2003 செப்டம்பரில், சார்ஸ் தொற்றுநோய் ஓய்ந்த பிறகு, இங்கே சிங்கப்பூரிலேயே ஒரு ஆய்வு மாணவருக்கு ஆய்வகத்தில் சார்ஸ் தொற்றியது. அவர் வேலை செய்தது வெஸ்ட் நைல் கிருமியில், அந்த மாதிரியில் சார்ஸ் கலந்திருந்தது அவருக்குத் தெரியாது. அந்தத் தவறுக்கு ஒரு காரணம் இருக்கிறது, கேட்கும்போதே எனக்கு முதுகு சில்லிடும், ஏனென்றால் அது எனக்கும் நடக்கலாம். ஆனால் பயந்த மில்பர்னுக்கு எப்படி பயம் தெளிந்தது? அதைத்தான் படம் சொல்லவில்லை.

மூன்றாம் வரிசை:
அக்கா, அதற்கான காட்சி படமாக்கப்பட்டது! நீக்கிய காட்சி ஒன்றில் மில்பர்ன் ஒரு சின்னப் புழுவைக் கண்டெடுத்துக் குழந்தை மாதிரி குதூகலிக்கிறார். அதை வெட்டியதில் அவர் முட்டாளாகிவிட்டார். 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் கதவுக் காட்சியைப் பாருங்கள். கேன் என்ற சக பயணியின் முகத்தில் ஜந்து ஒட்டியிருக்கிறது, 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்று கப்பலுக்குள் இருக்கும் அதிகாரி ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறார், வெளியே நிற்கும் கேப்டன் திறக்கச் சொல்லிக் கத்துகிறார், கப்பலின் அறிவியல் அதிகாரி ஆஷ் திறந்துவிடுகிறார். மூன்று பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆஷ் ஏன் திறந்தார் என்பது பிறகு தெரியவரும்போது அந்தக் காட்சி இன்னும் கனக்கிறது.

பூன்லே வாசகன்:
புழுக் காட்சி எனக்குத் தெரியாது, இன்றே தேடிப் பார்க்கிறேன். ஒன்று சொல்லியே ஆகவேண்டும், ‘புரோமீதியஸ்’ படத்தில் தொல்லியலாளர் ஷா தன் வயிற்றில் வளரும் ஜந்தை எடுக்க, அறுவை இயந்திரத்தில் படுத்துத் தனக்குத் தானே அறுவை செய்துகொள்ளும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இயந்திரம் ஆண்களுக்கு மட்டும் என்கிறது, உடனே வயிற்றில் அந்நியப் பொருள் என்று மாற்றிக் கொடுக்கிறார் பாருங்கள், அந்த ஒரு நிமிஷம் அவர் விஞ்ஞானியாக இருந்தார்.