சுட்டுச்சொல்லுக்கு முன் 'இன்', 'ஒன்', 'அட்' எப்போது வரும், எப்போது வராது?

எழுவான்கரை (களுவாஞ்சிகுடி) எழுதியது:

அன்புடையீர், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 'திஸ்', 'தட்', 'தீஸ்', 'தோஸ்' என்னும் நான்கு சுட்டுச்சொற்களையும் பிள்ளைகள் தனித்தனியே பிழையின்றிக் கையாளுகிறார்கள். அவற்றுக்கு முன் ஒரு முன்னிடைச்சொல் வரவேண்டுமா, வேண்டாமா என்னும் இடத்தில்தான் இடறுகிறார்கள். கோயில் திருவிழாவைப் பற்றிய கட்டுரையில் ஒரு பிள்ளை 'இன் திஸ் வீக்' என்று தொடங்கி, அதே பந்தியில் தன் அம்மம்மாவின் காலத்தைப் பற்றி 'இன் தோஸ் டேஸ்' என்று எழுதியிருந்தது. முதலாவதில் 'இன்' கூடாது என்றும் இரண்டாவதில் அது வேண்டும் என்றும் சொன்னேன். ஏன் என்று பிள்ளை கேட்டது. 'அது வழக்கு' என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கல்லடி ரீச்சர் எழுதியது:

தம்பி, பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. 'இந்தக் கிழமை திருவிழா' என்றும் சொல்கிறோம், 'இந்தக் கிழமையில் திருவிழா' என்றும் சொல்கிறோம். உருபு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தமிழில் குறையில்லை. அந்த 'இல்'லைத்தான் பிள்ளைகள் 'இன்' ஆக்கிக் கொண்டுபோய் ஆங்கிலத்தில் வைக்கிறார்கள். ஆங்கிலமோ இந்த இடத்தில் கண்டிப்பானது. நாள், கிழமை, மாதம், வருடம், காலை, மாலை ஆகிய நாட்காட்டி அலகுகளுக்கு முன் 'திஸ்' வந்துவிட்டால், பேசுகிறவர் நிற்கும் 'இப்போது' என்ற புள்ளியிலிருந்து காலம் அளக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு மேல் முன்னிடைச்சொல்லுக்கு வேலை இல்லை. எனவே 'திஸ் வீக்', 'திஸ் மோர்னிங்', 'திஸ் சண்டே' என்று எழுதினாலே போதும். 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'எவ்ரி' என்பவற்றுக்கும் இதே ஒழுங்குதான். நம் ஊர் அழைப்பிதழ்களில் அடிக்கடி காணும் 'ஒன் திஸ் சண்டே' என்பதில் 'ஒன்' வெறும் சுமை.

'தட்' என்று வரும்போது நிலைமை சற்றுத் தளர்கிறது. அது 'இப்போது' என்ற புள்ளியைச் சுட்டாமல் கதையில் ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒரு காலத்தைச் சுட்டுவதால், முன்னிடைச்சொல் வரலாம், வராமலும் இருக்கலாம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியைப் பற்றி ஒரு பிள்ளை எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தட் நைட்' என்று எழுதினாலும் 'ஒன் தட் நைட்' என்று எழுதினாலும் சரியே. 'ஒன்' சேரும்போது நடை சற்று முறைசார்ந்ததாகிறது. 'இன் தட் நைட்' என்பதை மட்டும் திருத்திவிடுங்கள். பொதுவான இரவுக்கு 'அட் நைட்', பொதுவான காலைக்கு 'இன் த மோர்னிங்' என்று வந்தாலும், குறித்த ஒரு நாளின் இரவு, குறித்த ஒரு நாளின் காலை என்று ஆனவுடன் நாளுக்குரிய 'ஒன்' அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இனி, 'தோஸ் டேஸ்'. 'இக்காலத்தில்' என்ற பொருளில் 'தீஸ் டேஸ்' தனியே நிற்கும். 'அக்காலத்தில்' என்பதற்கு 'இன் தோஸ் டேஸ்' என்பதே எழுத்து வழக்கு. இலங்கை ஆங்கிலத்தில் 'இன்' இல்லாமல் 'தோஸ் டேஸ்' என்று பழங்கதையைத் தொடங்குவது மிகப் பரவலானது. படித்தவர்களும் அப்படியே பேசுகிறார்கள், அதைப் பேச்சில் திருத்தப் புறப்படுவது வீண் வேலை. பரீட்சைத் தாளில் மட்டும் 'இன்' போடச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் அதிக நேரம் செலவிட வேண்டியது 'டைம்' என்ற சொல்லில்தான், ஏனெனில் அங்கே முன்னிடைச்சொல் பொருளையே மாற்றிவிடுகிறது. 'திஸ் டைம்' என்றால் 'இந்த முறை': இந்த முறை மாரிப்போக வேளாண்மை நன்றாக விளைந்தது என்று சொல்ல அது உதவும். 'அட் திஸ் டைம்' என்றால் 'இந்த வேளையில்'. பேசும் நேரத்தையோ, 'ஒவ் த இயர்' சேர்ந்தால் வருடத்தின் இந்தப் பருவத்தையோ அது குறிக்கும். 'பை திஸ் டைம்' என்றால் 'இந்நேரத்துக்குள்'. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்படுகிறவர் 'பை திஸ் டைம் டுமொறோ' என்று தொடங்கினால், நாளை இந்நேரத்துக்குள் தான் அங்கே போய்ச் சேர்ந்திருப்பதைத்தான் சொல்லப் போகிறார். நேரத்தை ஒரு புள்ளியாகக் காட்டும் 'மொமென்ட்', 'பொயின்ட்', 'ஸ்டேஜ்' ஆகிய சொற்களுக்கும் 'திஸ்' வந்த பின்னும் 'அட்' தேவை. அலகுக்கு வேண்டாம், புள்ளிக்கு வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

ஒலுவில் மாணவி எழுதியது:

ரீச்சரின் விளக்கத்துக்கு மிக்க நன்றி. நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்கள் ஒப்படைகளில் மிகுதியாகக் காணப்படும் வேறொரு பிழையையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். 'தட்' சுட்டுச்சொல்லாக இருக்கும்வரை அதற்கு முன் எந்த முன்னிடைச்சொல்லும் வரலாம்: 'ஆப்டர் தட்', 'பிகோஸ் ஒவ் தட்', 'இன் தட் ஹவுஸ்'. ஆனால் அதே 'தட்' இரு வாக்கியங்களை இணைக்கும் சொல்லாக மாறும்போது முன்னிடைச்சொல்லை ஏற்காது. 'நான் வாழும் வீடு' என்பதை 'த ஹவுஸ் இன் தட் ஐ லிவ்' என்று எழுதுகிறோம். அது 'இன் விச் ஐ லிவ்' என்றோ, 'இன்' கடைசிக்குப் போய் 'தட் ஐ லிவ் இன்' என்றோ இருக்க வேண்டும். அவ்வாறே 'அவர் வருவார் என்பது எனக்கு நிச்சயம்' என்பதற்கு 'ஷுவர் ஒவ் தட் ஹி வில் கம்' என்று எழுதுகிறோம். அங்கே 'ஒவ்' விழ வேண்டும். 'என்பது' என்று ஒரு சொல் பின்னால் வருவதைக் கண்டு, 'தட்' அங்கேயும் பெயர்ச்சொல் போல நிற்கிறது என்று எண்ணிவிடுகிறோம் போலும். 'என்ற வகையில்' எனப் பொருள்படும் 'இன் தட்', 'என்பது தவிர' எனப் பொருள்படும் 'எக்செப்ட் தட்' போன்ற சில தொடர்கள் இதற்கு விலக்கு.

அக்கரைப்பற்று வாசகர் எழுதியது:

நான் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் உறுதிகளைத் தட்டச்சு செய்கிறவன். நாள்முழுவதும் என் கையில் புழங்குவது ஆங்கிலத்தின் பழைய முறை. பழைய ஆங்கிலக் காணி உறுதிகளில் எல்லைகளும் பேர்ச் அளவும் சொல்லி முடித்த பின், காணியிலுள்ள மரங்களையும் கட்டடங்களையும் சேர்த்துக் கையளிப்பதற்காக 'எவ்ரிதிங் ஸ்டாண்டிங் தெயரொன்' என்று வரும். 'தெயரொன்' என்பது 'ஒன் தட்' என்பதே. ஆனால் சுட்டு முன்னும் 'ஒன்' பின்னுமாக, நம் 'அதன்மேல்' போலவே அமைந்திருக்கிறது. 'தெயரின்' என்றால் அதனுள், 'தெயரொவ்' என்றால் அதனுடைய. அரச கடிதங்களில் நாம் எழுதும் 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது' என்பதிலுள்ள 'இத்துடன்' அப்படியே 'ஹியர்வித்'. 'இத்தால் அறியத்தருகிறேன்' என்பதிலுள்ள 'இத்தால்' அப்படியே 'ஹியர்பை'. அன்றாடப் பேச்சில் இவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. எல்லாரும் சொல்லும் 'தெயர்போர்' மட்டும் 'அதன்பொருட்டு' என்ற பழைய சேர்க்கை என்பது மறந்துபோகும் அளவுக்கு நிலைத்துவிட்டது. பிள்ளைகள் இவற்றைக் கட்டுரையில் எழுத வேண்டியதில்லை, ஆனால் படித்தால் விளங்க வேண்டும். காணி உறுதியை வாசித்து விளங்காமல் ஒப்பமிடுகிறவர்கள் நம்மிடையே இன்னும் அதிகம்.

எழுவான்கரை எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. 'அலகு, புள்ளி' என்ற பிரிப்பை நாளை வகுப்பிலேயே பயன்படுத்துவேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். 'கோ டு தெயர்', 'கம் டு ஹியர்' என்றும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். 'டு' கூடாது என்றால் 'ப்ரொம் ஹியர்' மட்டும் எப்படிச் சரியாகிறது?

கல்லடி ரீச்சர் எழுதியது:

இதில் தமிழ் நமக்கு முழுத்துணை, தம்பி. 'இங்கே வா', 'அங்கே போ' என்கிறோம். போய்ச் சேரும் இடத்துக்கு உருபு எதையும் ஒட்டுவதில்லை. புறப்படும் இடத்தைச் சொல்லும்போது மட்டும் 'இங்கிருந்து' என்று ஒன்றைச் சேர்க்கிறோம். ஆங்கிலமும் அப்படியே: 'கம் ஹியர்', 'கோ தெயர்', ஆனால் 'ப்ரொம் ஹியர்'. 'கோ டு ஸ்கூல்' என்ற பழக்கம் கையில் ஊறியிருப்பதால்தான் பிள்ளைகள் இங்கும் 'டு' போடுகிறார்கள். 'இதுவரை' என்று எல்லை குறிக்கும்போது 'அப் டு ஹியர்' வரும். பாடப்புத்தகத்தில் இந்தப் பக்கம்வரை வாசியுங்கள் என்று நாம் சொல்லும் இடம் அது. 'இன் ஹியர்', 'ஓவர் தெயர்' என்பவற்றில் முன்னால் வரும் சொல், உள்ளேயா, அப்பால் சற்றுத் தள்ளியா என்று இடத்தை மேலும் குறுக்கிக் காட்டுகிறது. வகுப்பறைக்குள் இருந்துகொண்டு வெளியில் நிற்கும் பிள்ளையை 'கம் இன் ஹியர்' என்று கூப்பிட்டுக் காட்டுங்கள், விளங்கிவிடும்.