சேன் பியேரில் தனியாக வாடகைக்கு வீடு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம். நான் புதுச்சேரிப் பெண். இப்போது பிரான்சின் ரீயூனியன் தீவில், சேன் தெனியில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. தெற்கே சேன் பியேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்திருக்கிறது, ஏப்ரலில் சேர வேண்டும். கல்யாணம் ஆகவில்லை, தனியாகத்தான் வருகிறேன்.

பெரிய கவலை வீடுதான். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால் தேர் சேந்த் பகுதியில் தேடுகிறேன். பழைய மீனவர் குடியிருப்பு, கடற்காற்று, எனக்குப் பிடித்த மாதிரி இடம். ஆனால் இரவு ஷிப்ட் உண்டு, கார் கிடையாது. விடியற்காலையில் ஒரு பெண் தனியாக நடந்து வரலாமா? அங்கே குடியிருக்கும் அக்காமார் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். பக்கத்து ஊர் லெ தம்போன் மலைமேல் குளுகுளுவென்று இருக்கும்தான், ராத்திரியில் பேருந்தை நம்பி அங்கே எப்படி இருப்பது?

அடுத்தது, வீட்டுக்காரர்கள் சம்பளச் சீட்டோடு ஜாமீனுக்கும் ஆள் கேட்கிறார்கள். அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள், இங்கே கையெழுத்துப் போட சொந்தம் யாருமில்லை. விசால் (வாடகைக்கு ஆளுக்குப் பதிலாக ஜாமீன் நிற்கும் திட்டம்) உத்தரவாதத்தை ஏற்கும் வீட்டுக்காரர் யாரையாவது தெரியுமா? சாமான்களோடு உள்ள வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம், வெறும் வீட்டுக்கு ஒரு மாதம்தான். அதனால் வெறும் வீடே போதும். புயல் மழைக்குத் தண்ணீர் ஏறும் தெரு எதுவென்றும் சொல்லிவிடுங்கள்.

நரசிங்கப் பெருமாள் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை போகிறவர்கள் இருந்தால் நானும் சேர்ந்துகொள்கிறேன். வீட்டு விவரங்களை உள்பெட்டியில் அனுப்புங்கள்.