தனித்த பயனர் எண்ணிக்கை: 1,205ஆ, 530ஆ?

இரவுப்பணி:
சர்வர் லாக்குகளில் தேடும் ஸ்ப்ளங்க் மென்பொருளில் ‘ஸ்டேட்ஸ் டிசி(யூசர்) பை ஹோஸ்ட்’ ஓட்டினேன். ‘டிசி’ வெவ்வேறு பயனர்களை மட்டும் எண்ணும்; ‘பை ஹோஸ்ட்’ அதைச் சர்வர்வாரியாகப் பிரிக்கும். மூன்று சர்வர்களுக்கும் 412, 388, 405 என்று வந்தது. கூட்டினால் 1,205. ‘பை ஹோஸ்ட்’ என்பதை எடுத்துவிட்டு ஓட்டினால் 530. மேலாளர் 1,205ஐ அறிக்கையில் போட்டுவிட்டார். எது சரி?

கணக்கன்:
530. வருபவர்களைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் லோட் பேலன்சர் முன்னால் இருக்குமே? ஒரே ஆள் காலையில் முதல் சர்வருக்கும் மதியம் மூன்றாவதற்கும் போயிருப்பார். இரண்டு இடத்திலும் அவர் தலை எண்ணப்பட்டிருக்கும். தனித்த எண்ணிக்கைகளைக் கூட்டவே கூடாது. மணிவாரி எண்களைக் கூட்டி ‘இன்றைய பயனர்கள்’ என்று காட்டுவதும் இதே கூத்துதான்.

தோராயன்:
நூற்றுக்கணக்கில் இருக்கும்வரை டிசி சரி. கோடிக்கணக்கில் ஐபி முகவரிகள் வந்தால்? ஒவ்வொரு மதிப்பையும் அது நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். குழுக்கள் பெருகப் பெருகத் தேடல் திணறும். தோராயமாக எண்ணும் எஸ்ட்டிசி இருப்பதே அதற்காகத்தான். ரெடிஸ் தரவுத்தளத்தில் உள்ள ஹைப்பர்லாக்லாக் என்ற தோராய எண்ணும் முறை 12 கிலோபைட்டில் வேலையை முடிக்கிறது, பிழை 0.81 சதவீதம். (அதன் கட்டளைகள் ‘பிஎஃப்’ என்று தொடங்குவது அந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான பிலிப் ஃபிளாஜோலேயின் நினைவாக.) அது சேமிக்கும் மணிவாரிச் சுருக்கங்களை இரட்டிப்பில்லாமல் இணைக்கவும் முடியும். உங்கள் 412ஐயும் 388ஐயும் அப்படி இணைத்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

கணக்கன்:
இணைப்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.81 என்பது திட்டப்பிழை, உச்சவரம்பு அல்ல; சில நேரம் அதைத் தாண்டும். தலைக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கட்டும் இடத்தில் ‘ஏறக்குறைய’ என்று எழுதிக் கொடுப்பீர்களா?

தோராயன்:
கட்டணத்துக்கு நானும் தோராயம் கேட்கவில்லை ஐயா. ஒரே ஐபியிலிருந்து எத்தனை பயனர் பெயர்களை முயன்று பார்க்கிறார்கள் என்பது என் கவலை. இரண்டு, மூன்று வரும் இடத்தில் 4,000 வந்தால், அது 3,960ஆ 4,040ஆ என்று ஆராய்ந்துகொண்டா இருப்பேன்? கதவை அடைப்பேன். அது கிடக்கட்டும், நீங்கள் துல்லியம் என்று கொண்டாடும் 530ஐத் திறந்து பாருங்கள். பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று என ஒரே பெயர் இரண்டாக இருக்கும். உள்நுழையாதவர்களுக்கு லாக்கில் விழும் வெறும் கோடும் ஒரு ‘பயனர்’ ஆகியிருக்கும்.

இரவுப்பணி:
பார்த்தேன், இரண்டுமே இருக்கின்றன. பெயர்களை ‘லோயர்’ போட்டுச் சிறிய எழுத்தாக்கி, கோட்டையும் நீக்கினால் 491. இனி மேலாளரிடம் போய் 1,205ஐ இறக்க வேண்டும்.

கணக்கன்:
கொஞ்சம் பொறுங்கள். அந்த 491இல் கண்காணிப்பு மென்பொருளின் கணக்குகள் எத்தனை? அவற்றையும் கழித்துவிட்டுப் போங்கள். ஒரே நாளில் இரண்டு முறை எண்ணை இறக்கச் சொன்னால் அவர் தாங்க மாட்டார்.