பிட்ஸ்பர்க்–கம்பர்லண்ட் சைக்கிள் பாதை: மலை ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டுமா?

வர்ஜீனியாக்காரன்:

வணக்கம். நான், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன், மூவரும் சைக்கிளில் நீளமாக ஒரு பயணம் போகலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. காரும் லாரியும் போகும் சாலையில் பையனை இறக்க மனைவிக்கு இஷ்டமே இல்லை, எனக்கும்தான். கிரேட் அலெகெனி பாசேஜ் பற்றிப் படித்தேன். பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லண்ட் வரை 150 மைல், மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லையாம். ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் அலெகெனி மலை குறுக்கே படுத்திருக்கிறது. நாங்களோ பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியவர்கள். எந்தத் திசையில் போனால் நல்லது? கம்பர்லண்டிலிருந்து கால்வாய்க்கரைப் பாதையையும் சேர்த்து வாஷிங்டன் வரை ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? அப்புறம், நாங்கள் சைவம். அந்தச் சின்ன ஊர்களில் என்ன கிடைக்கும்?

தண்டவாளம்:

ஏற்றத்துக்குப் பயப்படவே வேண்டாம். அது ரயில் ஓடிய பாதை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வேக்காரர்கள் 1912-இல் இதன் கம்பர்லண்ட்–கானல்ஸ்வில் பகுதியைத் திறந்தபோது மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்குக்கு மேல் பாலம் போட்டார்கள், ஆறு வளைந்த இடத்தில் கூடவே வளைந்து போனார்கள். அந்தச் செலவின் பலன் இப்போது நம் முழங்காலுக்கு. 1975-இல் அந்தப் பகுதியில் ரயில் நின்றது, 1986-இல் ஓஹயோபைல் பக்கம் முதல் 9 மைல் சைக்கிள் பாதையாகத் திறந்தது, பிட்ஸ்பர்க் நகருக்குள் வந்து சேர 2013 ஆகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். பாதையின் உச்சி கிழக்கு நீர்ப்பிரிமேடு (மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் முகடு), 2,392 அடி. பிட்ஸ்பர்க் கிட்டத்தட்ட 720 அடியில் இருக்கிறது. ஆக 1,670 அடி ஏற்றம், ஆனால் அது 125 மைலுக்கு மேல் பரவிக் கிடக்கிறது, பெரும்பாலான இடத்தில் ஏறுகிறோம் என்றே தெரியாது. உச்சியைத் தாண்டினால் கம்பர்லண்ட் வரை சுமார் 24 மைல் ஒரே இறக்கம். அதனால் பிட்ஸ்பர்க்கில் தொடங்குங்கள், எதிர்த்திசையில் வந்தால் அந்த 24 மைலும் ஏற்றமாகிவிடும்.

தரை பெரும்பாலும் பொடித்த சுண்ணாம்புக்கல், நன்றாக இறுகியிருக்கும். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் வேண்டாம், 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி.

மலைக்காற்று:

தண்டவாளம் சொன்ன கணக்கு சரி, முடிவு மட்டும் சரியில்லை. கம்பர்லண்ட் பக்க ஏற்றமும் இரண்டு சதவீதத்தைத் தொடாது. சின்ன கியரில் போட்டு, நடுவில் ஃப்ராஸ்ட்பர்க்கில் நிறுத்திச் சாப்பிட்டு ஏறினால் பையன்கள்கூட ஏறிவிடுவார்கள், அதை ஒரு பூதமாகக் காட்டுவது ஏன்? (ஃப்ராஸ்ட்பர்க் ஊர் பாதைக்கு மேலே இருக்கிறது. உண்மையான செங்குத்து அந்தக் கொஞ்ச தூரத்தில்தான், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.)

நீங்கள் யோசிக்க வேண்டியது மழையைப் பற்றி. கம்பர்லண்டுக்குக் கிழக்கே உள்ள சி அண்டு ஓ (செசபீக்–ஓஹயோ) கால்வாய்க்கரை 184.5 மைல். அது வேறு உலகம். கோவேறு கழுதைகள் படகை இழுத்து நடந்த மண்பாதை அது, கால்வாய் 1924-இல் மூடப்பட்டது. கம்பர்லண்டிலிருந்து வாஷிங்டனுக்கு மொத்தமே 600 அடிதான் இறக்கம், ஆக மலை என்று எதுவும் இல்லை, ஆனால் மழை பெய்தால் சேறு சேறுதான். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது, வேர்களும் குழிகளும் வேறு. பாவ் பாவ் சுரங்கப்பாதை 3,118 அடி, உள்ளே ஒரு விளக்கு கிடையாது, கம்பியைப் பிடித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். பழக்கமில்லாத குடும்பம் முதல் தடவையே இரண்டையும் ஒட்டுப்போட வேண்டாம் என்பேன். போயே தீருவேன் என்றால் லிட்டில் ஆர்லியன்ஸ், ஹான்காக் பக்கத்தில் இணையாகவே தார் போட்ட வெஸ்டர்ன் மேரிலாந்து ரெயில் டிரெயில் 28 மைல் ஓடுகிறது, சேறாக இருந்தால் அதில் ஏறிக்கொள்ளுங்கள்.

வர்ஜீனியாக்காரன்:

இருவருக்கும் நன்றி. சரி, கால்வாயை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். ஆனால் காரை எங்கே நிறுத்துவது, எப்படித் திரும்பி வருவது என்றுதான் குழப்பம். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் கார் மறு கோடியில் நிற்குமே. பையனுக்கு ஒரு நாளைக்கு 30 மைலுக்கு மேல் ஒத்துவராது.

புளியோதரை:

அப்படியென்றால் முழுப் பாதையும் எதற்கு? பிட்ஸ்பர்க்கிலிருந்து கானல்ஸ்வில் வரைக்குமான 60 மைல் மோசமில்லை, ஆனால் பழைய எஃகு ஆலை ஊர்கள், நகரத்து ஓரங்கள் நிறைய. நீங்கள் கேட்கிற காடும் மலையும் ஆறும் கானல்ஸ்வில்லுக்கு அப்புறம்தான்.

காரைக் கம்பர்லண்டில் நிறுத்துங்கள். வாஷிங்டன் வழியாகச் சிகாகோ போகும் ஆம்ட்ராக் ரயில் மாலையில் கம்பர்லண்ட் வரும், அதில் சைக்கிளோடு ஏறி இரவு கானல்ஸ்வில்லில் இறங்கிவிடலாம். சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு உண்டு, இடம் குறைவு, மூன்று சைக்கிள் என்றால் முதலில் அதைப் பதிவு செய்துவிட்டுத்தான் மற்ற ஏற்பாடே. அங்கிருந்து கம்பர்லண்டுக்குத் திரும்பி ஓட்டுவது ஏறக்குறைய 89 மைல். ஏற்றம் மெதுவாக, கடைசியில் நீள இறக்கம், முடிகிற இடத்தில் உங்கள் கார். தண்டவாளம் சொன்ன திசையும் இதுதான். பிட்ஸ்பர்க்கிலேயே தொடங்குவேன் என்றால் அதே ரயில் நள்ளிரவை ஒட்டித்தான் அங்கே போய்ச் சேரும், பையனை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

தங்க ஓஹயோபைல், கான்ஃப்ளூயன்ஸ், ராக்வுட், மேயர்ஸ்டேல். ஓஹயோபைலில் அரை நாளாவது நில்லுங்கள். அருவி ஊருக்குள்ளேயே இருக்கிறது, யாக்கியகேனி ஆற்றில் ரப்பர் படகு விடுகிறார்கள். கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் அருவிமேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடும் சில மைலில்தான், ஆனால் அதற்குப் போகிற சாலை மேடு பள்ளம், கார்களும் வரும், பையனோடு சைக்கிளில் போகாதீர்கள்.

சாப்பாடு: பீட்சா, முட்டை, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டி. இதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம். நான் எலுமிச்சைச் சாதம் முதல் நாளுக்கு, அப்புறம் தேப்லா (குஜராத்திச் சப்பாத்தி), ஊறுகாய், வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடும் அவல் உப்புமா என்று கட்டிக்கொண்டுதான் போவது. பிட்ஸ்பர்க் வழியாகப் போகிறவர்களுக்குப் பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயில் கேண்டீன் இருக்கிறது, பாதைக்குப் பக்கத்தில் இல்லை, ஆனாலும் அந்தப் புளியோதரைக்காகச் சுற்றிப் போகலாம், என் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

மலைக்காற்று:

இந்தத் திட்டம் பிரமாதம், திசைச் சண்டையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னும் சில விஷயம். உச்சியை ஒட்டிய பிக் சாவேஜ் சுரங்கப்பாதை 3,294 அடி நீளம், குளிர்காலத்தில் பனிக்கட்டி சேதப்படுத்தாமலிருக்கக் கதவைப் பூட்டிவிடுவார்கள், டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை தோராயமாக. அந்த மாதங்களில் சுற்றிப் போகச் சுலபமான வழி கிடையாது. மே, ஜூன் அல்லது இலை நிறம் மாறும் அக்டோபரில் போங்கள். கோடையிலும் உள்ளே குளிரும், மூவருக்கும் ஒரு ஜாக்கெட்டும் முன்விளக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் மேரிலாந்து மலைகள் மொத்தமாகக் கண்ணில் படும், கொஞ்சம் நின்று போங்கள்.

ஃப்ராஸ்ட்பர்க்கிலிருந்து கீழே சுற்றுலா ரயிலும் கூடவே ஓடுகிறது. பிரஷ் சுரங்கத்துக்குள் தண்டவாளமும் பாதையும் ஒன்றாகப் போகும், ரயில் உள்ளே இருந்தால் வெளியே காத்திருங்கள், புகையில் மூச்சு முட்டும். இறக்கத்தில் பையனை முன்னால் விடாதீர்கள். குறுக்கே சாலைகள் வரும் இடங்களில் கார் நிற்கும் என்று நம்ப வேண்டாம், அங்கே மட்டும் இறங்கித் தள்ளுங்கள்.

தண்டவாளம்:

மறந்தே போச்சு, உண்ணி. புல் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தால் தினமும் இரவில் கால்களையும் முழங்கால் மடிப்பையும் பாருங்கள், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் அந்தப் பக்கம் நிஜமான தொல்லை. ஒவ்வொரு சைக்கிளுக்கும் உதிரி டியூப் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், பையன் சக்கரம் 24 அங்குலமாக இருந்தால் அந்த ஊர்க் கடைகளில் அந்த அளவு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வர்ஜீனியாக்காரன்:

24 அங்குலமேதான். டியூப் இன்றே வாங்கிவிடுகிறேன். ரயிலில் சைக்கிள் இடம் கிடைக்கிற தேதியைப் பார்த்து அக்டோபருக்குப் போடுகிறோம். தேப்லா பொறுப்பு என்னுடையது என்று மனைவி சொல்லிவிட்டார்.