வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரை திருநகரில் இருக்கிறேன். 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். வேலை, வங்கி, கரண்ட் பில், மளிகை எல்லாம் இணையத்தில்தான்.

இதனால் எனக்குக் கிடைத்தது பெரிது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பக்கத்தில் இருந்தேன். இன்றும் பதினோரு மணி மீட்டிங்குக்கு முன்னால் மாத்திரை கொடுத்து, வாசல் வேப்பமரம் வரை கைபிடித்து நடக்க வைக்கிறேன். சென்னையில் இருந்தால் இது நடக்குமா? வாடகையும் மிச்சம்.

ஆனால் போன வாரம் பால்காரர், "என்ன தம்பி, ஊர்ல இல்லையா? ஆளையே காணோம்" என்றார். யோசித்தால், நாலு நாளாக நான் படி தாண்டவே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கியதைக்கூட இந்தத் தடவை செல்போனில்தான் பார்த்தேன். மதுரையில் இருந்துகொண்டு! அது இன்னும் மனசை அறுக்கிறது. கழுத்துவலி வேறு.

வேலையை விடும் எண்ணம் இல்லை. நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சொந்த லேப்டாப்போடு நாள் முழுக்க உட்கார விடுகிறார்களா? போன் பேச இடம் உண்டா? எனக்கு அது தூரம். அப்பாவை விட்டு வாரம் ஒருநாள்தான் போக முடியும். அதனால் பழங்காநத்தம், திருப்பரங்குன்றம் பக்கம் மாத வாடகைக்கு மேசை கிடைக்குமா? கரண்ட் போனாலும் நெட் நிற்கக் கூடாது.

அப்புறம், என்னைப் போல வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குப் பரங்குன்றம் கிரிவலப் பாதையில் சேர்ந்து நடக்கலாம். நாளைக்கே என்றாலும் வருகிறேன்.