முனைவர் பட்டத் திட்டங்களுக்குத் தனித் தரவரிசை வேண்டுமா?

கயல்விழி:
என் தங்கை முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்ய இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். உயர்கல்வி நிறுவனங்களுக்கான நடுவண் அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை இரண்டு மாதமாகப் புரட்டியும், எந்தத் துறையில் சேர்ந்தால் எத்தனை ஆண்டில் முடிக்கலாம் என்பதை எங்களால் அறிய முடியவில்லை. மூன்றாண்டுச் சராசரியாக எத்தனை பேர் முனைவர் பட்டம் பெற்றார்கள் என்பதை அது எண்ணுகிறதே தவிர, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்று கேட்பதில்லை. 100 பேரைச் சேர்த்து 40 பேரைக் கரையேற்றும் நிறுவனம், 30 பேரைச் சேர்த்து 28 பேரைக் கரையேற்றும் நிறுவனத்தைவிட அந்தக் கணக்கில் மேலே நிற்கும். துறைவாரியாகத் தனித் தரவரிசை வேண்டும்.

நெடுஞ்செழியன்:
கவலை நியாயமானது, கேட்கும் மருந்துதான் சரியில்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 212 பல்கலைக்கழகங்களில், 62 துறைகளைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட முனைவர் பட்டத் திட்டங்களை 20 அளவுகோல்களால் மதிப்பிட்டு 2010-இல் வெளியிட்டது. தரவோ பெரும்பாலும் 2005–06 கல்வியாண்டுக்குரியது. எந்த அளவுகோலுக்கு எவ்வளவு மதிப்பு என்று பேராசிரியர்களிடம் நேரடியாகக் கேட்டு ஒரு வரிசையும், அவர்கள் சில திட்டங்களுக்கு அளித்த மதிப்பெண்களிலிருந்து அந்த மதிப்பைக் கணித்து இன்னொரு வரிசையும் போட்டார்கள். ஒரே திட்டம் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் நின்றது. கடைசியில் ஒவ்வொன்றுக்கும் 'இந்த இடம் முதல் இந்த இடம் வரை' என்ற வரம்பைத்தான் தர முடிந்தது.

கயல்விழி:
அந்த வரம்பை நான் நேர்மை என்றே கொள்கிறேன். 6 ஆண்டுகளுக்குள், கலை இலக்கியத் துறைகளானால் 8 ஆண்டுகளுக்குள், முடித்தோர் விழுக்காட்டையும், முதலாண்டில் முழு நிதியுதவி பெறுவோர் விழுக்காட்டையும் அந்தக் குழு கேட்டது என்பதைத் தாங்கள் சொல்லவில்லையே. என் தங்கைக்கு வேண்டியது அதுதான்.

மணிமாறன்:
நான் ஒரு நெறியாளர். என்னிடம் ஆய்வு செய்த மாணவி உப்பங்கழியில் இரண்டாண்டுகள் திரட்டிய நீர் மாதிரிகள், உறைபெட்டி பழுதானதால் ஒரே வாரத்தில் கெட்டுப்போயின. அடுத்த மழைக்காலம் முழுவதும் முழங்கால் சேற்றில் நின்று மறுபடி எடுத்தார். மறுபதிவு செய்து ஏழாம் ஆண்டில்தான் முடித்தார். நான் நெறிப்படுத்தியவற்றுள் அதுவே மிகச் சிறந்த ஆய்வேடு. 6 ஆண்டுக் கணக்கில் அவர் எங்கள் துறைக்குக் குறை. அந்த விழுக்காட்டுக்கு மதிப்பெண் வைத்தால், அரைகுறை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சொல்லும் அழுத்தம் அடுத்த ஆண்டே தொடங்கிவிடும்.

கயல்விழி:
ஐயா, அந்த மாணவியைக் குறையாக எண்ணும் பட்டியல் எனக்கும் வேண்டாம். 1, 2 என்று இடம் போடுவதை விட்டுவிடலாம். சேர்ந்தோர், விலகியோர், முடித்தோர், எடுத்துக்கொண்ட காலம் ஆகிய நான்கை மட்டும் ஒவ்வொரு துறையும் வெளியிடட்டும். தாமதத்துக்கான காரணத்தையும் அருகிலேயே எழுதட்டும்.

நெடுஞ்செழியன்:
இதற்கு நான் உடன்படுகிறேன், ஆனால் சரிபார்ப்பது யார் என்பதையும் இப்போதே பேசியாக வேண்டும். முடித்தவர்களின் ஆய்வேடுகளை இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடி எண்ணிவிடலாம். விலகியவர்களின் பெயர் துறையின் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது.