ஊருணியில் முங்கி எழுந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, வேண்டாமா? உங்கள் அனுபவங்கள்

கானாடுகாத்தான் அம்மான்

மறுநாள் அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு) வயது நிறைவுச் சாந்திக் கல்யாணம். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகளால் வளவு முழுவதும் கூச்சல். ஆச்சி (என் அக்கா) மகனுக்குப் பதினொரு வயது. நீச்சல்குளம் பழகியவன், ஊருணி பழகாதவன். ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பினால் கீழ்ப்படிகள் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வழுக்கி உள்ளே போய்விட்டான். பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தவர் குதித்து இழுத்துப் போட்டார். இருமினான், வாந்தி எடுத்தான், நடந்தே வீட்டுக்கு வந்தான். நடந்து வருகிறவனைப் பார்த்ததும் எல்லோருக்கும் போன உயிர் திரும்பிவிட்டது.

என்னை இன்றும் உறுத்துவது அதற்குப் பிறகான நேரம்தான். துவட்டி, வேட்டியைச் சுற்றி, முகப்புத் திண்ணையில் உட்காரவைத்துத் திருநீறு பூசினார்கள். என் ஆத்தா, "ஆயா இரண்டு வெள்ளைப்பணியாரம் கொண்டுவரட்டுமா, அப்பு?" என்று கேட்டார். "வேண்டாம், ஆயா" என்பதற்கு அவனுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. "வேண்டாம்" ஒன்று, "ஆயா" இன்னொன்று. நடுவில் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. "அதுதான் பேசுகிறானே!" என்றார் பெரியப்பச்சி. "நாளைக்கு நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதா?" என்றும் கேட்டார்.

ஆச்சி யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளையைக் காரில் ஏற்றிவிட்டு, "வருகிறவர்கள் வரலாம்" என்றார். காரைக்குடியில் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினால் குறைவாக, 89 காட்டியது. முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் மாலைதான் அனுப்பினார்கள். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறான்.

ஆனால் அந்த டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "எத்தனை மணிக்குத் தண்ணீரிலிருந்து எடுத்தீர்கள்? அதற்குப் பிறகு இருமல் குறைந்ததா, கூடியதா?" திண்ணையில் அத்தனை பெரியவர்கள் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

கண்மாய்க்கரை

உங்களுடையது நடந்து வந்த பிள்ளை. நான் பார்த்தது மூச்சில்லாத பிள்ளை. தேவகோட்டைப் பக்கம், கண்மாய் மறுகால் போன வருடம். ஆறு வயதுப் பெண். வெளியே எடுத்த கணத்தில் ஊர்க்காரர் ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் ஓட ஆரம்பித்தார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று கூட்டம் சத்தம் போடுகிறது. அங்கன்வாடி டீச்சர் குறுக்கே விழுந்து மறித்தார். இவர் காலை விடவில்லை, அவர் தோளை விடவில்லை. ஒரு பிள்ளையை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்த அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. டீச்சர் பிடுங்கித் தரையில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். 108 வருவதற்குள் பிள்ளை முனகியது. மதுரையில் வெகுநாள் இருந்து திரும்பி வந்தது.

அப்படித் தலைகீழாகப் போட்டுச் சுற்றியதால்தான் பிழைத்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தூக்கி ஓடியவருக்குத் துண்டு போர்த்தினார்கள். டீச்சருக்கு ஒன்றும் இல்லை.

பழைய ஆள்

துண்டு போர்த்தியதில் என்ன தப்பு? நானே சுற்றிப் பிழைத்தவன். நேமத்தான்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. மிதக்கக் கட்டியிருந்த சுரைக்குடுக்கை நழுவி உள்ளே போய்விட்டேன். எங்கள் ஐயா என்னைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றியபோது வானமும் பனைமரமும் மாறி மாறி வந்தது இன்றும் நினைவிருக்கிறது. அரை மணியில் கம்பங்கூழ் குடித்துவிட்டு மாடு பிடிக்கப் போனேன். அப்போது எக்ஸ்ரே ஏது, விரலில் மாட்டும் கருவி ஏது? இன்றைக்குத் தும்மினால் ஸ்கேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் வரும். அது ஒன்றுதான் நிச்சயம்.

கோட்டையூர் செவிலி (பணி ஓய்வு)

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. வானத்தையும் பனைமரத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள் என்றால் உங்களுக்கு நினைவு இருந்தது, மூச்சும் இருந்தது. நீங்கள் சுற்றியதால் பிழைத்தவர் இல்லை, சுற்றியும் பிழைத்தவர். சுற்றும்போது கொட்டுகிற தண்ணீரில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருகிறது. நினைவில்லாத பிள்ளைக்கு அது தொண்டை வரை வந்து மூச்சுக்குழாய்க்குள் திரும்பிப் போகும். வயிற்றை அமுக்குவதும் அப்படித்தான். அதைவிட, மூச்சு ஊத வேண்டிய அந்த நிமிடங்கள் ஓட்டத்திலேயே போய்விடும். மூளை காத்திருக்காது. இப்போது கைபேசியில் சுற்றுகிறதே, உடம்பை உப்புக்குள் புதைத்தால் உயிர் வரும் என்று, அதற்கும் ஆதாரம் கிடையாது.

என் அனுபவம் சின்னது. ஒரு கல்லூரிப் பையன். நண்பர்கள் இழுத்து வந்து காட்டினார்கள். "இவர்கள் சும்மா பயப்படுகிறார்கள் சிஸ்டர்" என்று சிரித்தான். ஆனால் சிரிப்பை முடிக்க முடியாமல் இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தான் டாக்டர் அவனைப் படுக்கவைத்தார். முதல் எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் இல்லை. இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் வாயோரம் வெள்ளை நுரை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. உள்ளே போகும் தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். நனைந்த பாலிதீன் பை ஒட்டிக்கொள்வது போல அறைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு நீர் கசியும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் இருமல், இரைப்பு உள்ளவர்களை நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரம் வரை வைத்துப் பார்ப்பார்கள். ஊருணியா, கடலா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

டேவிட் ஸ்பில்மான் என்ற பிரேசில் மருத்துவர் 1,831 பேருடைய பதிவுகளைப் பார்த்து 1997இல் ஒரு கணக்கு வெளியிட்டார். இருமல் மட்டும் இருந்து நெஞ்சில் சத்தம் சுத்தமாக இருந்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. நுரை தள்ளி இரத்த அழுத்தமும் விழுந்தவர்களில் 19 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆகவே பார்க்க வேண்டியது மூச்சைத்தான். எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்பதை விடுங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்கிறானா, விலா இடுக்கு உள்ளே இழுக்கிறதா, இருமல் ஓய்கிறதா, தூங்கி விழுகிறானா, உதடு கறுக்கிறதா என்று பாருங்கள். ஒரு கணம் நினைவு தப்பியிருந்தாலும், யாராவது ஊதி எழுப்பியிருந்தாலும் யோசனையே வேண்டாம், புறப்படுங்கள். போகிற வழியில் சோறு, காப்பி எதுவும் கொடுக்காதீர்கள். அம்மான், அந்தப் பணியாரத்தை அவன் வேண்டாம் என்றது நல்லதாய்ப் போயிற்று. ஈரத் துணியைக் கழற்றிவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எங்காவது எழுதிவையுங்கள்.

புதுவயல் வாசி

செவிலியம்மா சொல்வதெல்லாம் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்குப் பம்புசெட் தொட்டியில் மூக்கில் தண்ணீர் ஏறிய பிள்ளையைக்கூட ஆளுக்கொரு காரில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் ஓடினோம். பையன் தொட்டியில் ஒரு முங்கு, இரண்டு இருமல், அவ்வளவுதான். பிறகு நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான், பள்ளிக்கூடம் போனான். அதற்குப் பிறகுதான் 'உலர் மூழ்கல்' என்று ஒரு வீடியோ என் மனைவிக்கு வந்தது. தண்ணீரை விட்டு வந்து நாள்கள் கழித்து, நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை படுக்கையில் இறந்துவிடும் என்று. இரவோடு இரவாக மதுரைக்கு, 80 கிலோமீட்டருக்கு மேல்.

அங்கே இருந்த இளம் டாக்டர் பையனை வராந்தாவில் அந்தக் கோடி வரை ஓடிவரச் சொன்னார். ஓடி வந்தான். "இப்போது திருக்குறள் சொல்லு." மூச்சு விடாமல் மூன்று குறள் சொல்லிவிட்டு நாலாவதையும் ஆரம்பித்தான். "போதும், போதும். வீட்டுக்குப் போகலாம்" என்றார். அந்த நேரத்தில் அந்தக் குறள் என் காதில் எப்படி விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அவர்தான் சொன்னார். 2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாட்டில் இந்த 'உலர் மூழ்கல்', 'இரண்டாம் கட்ட மூழ்கல்' என்ற பெயர்களையெல்லாம் விட்டுவிடச் சொல்லிவிட்டார்களாம். தண்ணீரில் அகப்பட்டு மூச்சு தடைப்பட்டால் அது மூழ்கல்தான். இறந்தாலும் அதே பெயர், பிழைத்தாலும் அதே பெயர். தண்ணீரை விட்டு வந்து பல மணி நேரம் எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளை நாள்கள் கழித்து அதனால் திடீரென்று சாகாது. தொந்தரவு இருந்தால் அது முதல் சில மணி நேரத்திலேயே காட்டிக்கொடுக்கும். பயமுறுத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

கோட்டையூர் செவிலி (பணி ஓய்வு)

நான் எழுதியதில் 'நாள்' என்ற சொல்லே இல்லை, மணி நேரம்தான் இருக்கிறது. இன்னொரு முறை படியுங்கள். ஆனால் ஊருணி, கண்மாய்த் தண்ணீர் சேறும் பாசியும் கலந்தது. ஓரிரு நாள் கழித்துக் காய்ச்சலும் சளியும் நெஞ்சு வலியும் வந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம், காட்டத்தான் வேண்டும். அது வீடியோவில் சொல்லும் திடீர்ச் சாவு இல்லை.

தேவகோட்டை ரஸ்தா

மூச்சு மூச்சு என்று எல்லோரும் அதையே சொல்கிறீர்கள். என் தம்பிக்கு மூச்சு ஒழுங்காகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் அவனைவிட நீந்தத் தெரிந்தவன் கிடையாது. கிணற்று நடுவில் நீந்திக்கொண்டிருந்தவன் சத்தமே இல்லாமல் கீழே போனான். கை அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. விளையாடுகிறான் என்று நாங்கள் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்தவன் காலில் இடறியதால் மேலே வந்தான்.

மேலே வந்ததும் கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்தான், பிறகு நன்றாகிவிட்டான். இருமல்கூடப் பெரிதாக இல்லை. "நீச்சல் தெரிந்தவன் ஏன் முங்கினான்?" என்று எங்கள் அத்தை ஒருவர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஒரு கேள்விக்காகக் கொண்டுபோனோம். வலிப்பு. அதற்கு முன்பு ஒருநாளும் வந்ததில்லை. இன்றுவரை மாத்திரை சாப்பிடுகிறான். அத்தை கேட்காமல் இருந்திருந்தால் அடுத்தது பைக்கில் வந்திருக்கும்.

பெயர் வேண்டாம்

மூச்சு, நுரை எல்லாம் பிறகு. எங்கள் வீட்டில் முதலில் எழுந்த பேச்சு, "போலீஸ் கேஸ் ஆகிவிடும்." விழுந்தது கல்யாணமாகி வந்த பெண். தானே விழுந்தாளா, தவறி விழுந்தாளா என்று கேட்பார்களே என்று மாமியார் வீட்டார் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் தூணில் சாய்ந்துகொண்டு, இருமலை முந்தானையில் அமுக்கி அமுக்கி வைத்தாள். சத்தம் வெளியே போய்விடக் கூடாது என்று அவளுக்கே அத்தனை கவனம். அதுதான் என்னால் மறக்க முடியாதது. நான் பக்கத்து வீட்டுக்காரி. பின் வாசல் வழியாக அழைத்துக்கொண்டு போனேன்.

மருத்துவமனையில் பதிவு போடுவார்கள், போலீஸுக்குத் தகவலும் சொல்வார்கள். சொல்லட்டும். வைத்தியத்தைப் பதிவுக்காக நிறுத்தக் கூடாது என்று 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் உயிர், பிறகுதான் காகிதம். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, இரண்டு பேருக்கும் அது பொருந்தும். பெண்பிள்ளை விழுந்தால் வீட்டு மானம், ஆண்பிள்ளை விழுந்தால் கார் ஓட்டம் என்று இருக்கிற வீடுகளில் மூச்சை எண்ணச் சொல்லி என்ன பயன்? அவள் உண்மையிலேயே தானே விழுந்திருந்தால்? அப்போதும் ஆஸ்பத்திரிதான். பிறகு அவளிடம் உட்கார்ந்து பேசவும் ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கும் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது.

கண்மாய்க்கரை

அம்மான், விரலில் மாட்டும் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறதே. அதை வைத்து முடிவு செய்தால் என்ன?

கானாடுகாத்தான் அம்மான்

எங்கள் வீட்டிலும் கொரோனா காலத்தில் வாங்கியது இருந்தது, பேட்டரி இல்லாமல். இருந்திருந்தாலும், குளிர்ந்துபோன விரலில் அது தப்பாகக் காட்டலாம் என்று டாக்டர் சொன்னார். குறைவாகக் காட்டினால் கிளம்புங்கள், நன்றாகக் காட்டினால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் என்றார். பெரியப்பச்சி அதற்குப் பிறகு ஒன்று வாங்கி எல்லோர் விரலிலும் மாட்டிப் பார்க்கிறார். சாந்திக்கு வந்த புரோகிதரையும் விடவில்லை.

பழைய ஆள்

சரி, சுற்றவில்லை. அமுக்கவும் இல்லை. ஊதச் சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் ஊதத் தெரிந்தவன் யார் இருக்கிறான்? 108 வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

கோட்டையூர் செவிலி (பணி ஓய்வு)

நீங்களே இருக்கலாம், ஐயா. சமதரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். நெற்றியைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்குங்கள். மூச்சில்லை என்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஊதுங்கள். முதலில் ஐந்து முறை. இரண்டு என்று கற்பிக்கிறவர்களும் உண்டு, சண்டை வேண்டாம். அப்போதும் அசைவில்லை என்றால் நடுநெஞ்சில் முப்பது அமுக்கு, இரண்டு ஊது. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், அதன் பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். எழுதிப் படித்தால் கை பழகாது. கோட்டையூர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், தலையணையை வைத்துக் காட்டுகிறேன். அந்த டீச்சரையும் யாராவது அழைத்து வாருங்கள்.